ஒரே நரம்புதான், வெட்டிய இடம் வேறு

கேள்வி: கண்ணாடி வெட்டியதில் தம்பிக்கு முழங்கைக்கு மேலே அல்நார் நரம்பு (சுண்டு விரல் பக்கமாகக் கைக்குப் போகும் நரம்பு) அறுந்தது. அன்றே தைத்தார்கள், ஆறு மாதமாகியும் விரல்கள் சரியாக அசையவில்லை. அவனுடன் வேலை பார்ப்பவருக்கு அதே நரம்பு மணிக்கட்டில் அறுந்து, நாலு மாதத்தில் விரல் அசைந்துவிட்டது. தம்பிக்கு ஏன் இப்படி? நரம்பை வலுவாக்கும் ஊசி போடலாமா?

பதில்: முதலில் அந்த ஊசி. அது பெரும்பாலும் வைட்டமின் பி12தான்; அந்தக் குறைபாடு இருந்தால் சரி, இல்லாவிட்டால் வீண். அறுந்த நரம்பை எந்த ஊசியும் ஒட்டாது. யாராவது 'கோர்ஸ்' என்று முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர்கள் மருத்துவமனை வாசலிலேயே நிற்கிறார்கள், கேட்பார் இல்லை.

இனி, இடம். நரம்பு வழியெல்லாம் கிளை விட்டுக்கொண்டே போகும். மணிக்கட்டில் வெட்டினால் உள்ளங்கைத் தசைகள் மட்டும் போகும்; மேலே வெட்டினால் முன்கைத் தசைகளும் சேர்ந்து போகும். தைத்த நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் என்றால் மூன்று மாதம். தம்பிக்கு 35, 40 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஓராண்டு. தசையோ 12 முதல் 18 மாதம்தான் காத்திருக்கும். சிக்கல் அங்கேதான்.

ஒரு விசித்திரம் உண்டு, பலர் பயந்துபோவது இதில்தான். மேலே வெட்டுப்பட்டவருக்குத்தான் விரல் அதிகமாக வளைந்து நிற்கும் என்று நினைப்போம். நேர்மாறு. மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது. மணிக்கட்டில் வெட்டுப்பட்டால் அது பிழைத்துக்கொண்டு இழுக்கும், விரல் பறவையின் கூர்நகம்போல் வளையும். மேலே வெட்டுப்பட்டால் அதுவும் செயலிழப்பதால் வளைவு குறைவு. நரம்பு வளர்ந்து அந்தத் தசைக்கு உயிர் வரும்போது வளைவு கூடும். அது கெடுவதல்ல, தேறுவது! இதைப் பார்த்து மிரண்டு, சிகிச்சையை விட்டுவிட்டு எண்ணெய்க் கட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே விரலைப் பார்க்காதீர்கள். மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கமாக மடக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்துத் தசைநாண் விறைக்கிறதா? நரம்பு போகும் பாதையைத் தட்டினால் சுரீரென்னும் இடம் மாதாமாதம் கீழே இறங்குகிறதா? மருத்துவர் அளந்து குறித்துவைக்க வேண்டும். எங்கள் துறையில் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை, 'மூன்று மாதம் கழித்து வாருங்கள்' என்று சீட்டு எழுதுவதோடு சரி. நீங்களே கேட்டு வாங்குங்கள்.

இரண்டுமே இல்லையென்றால் இந்த வாரமே கை நரம்பு அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் போங்கள். பக்கத்து நரம்பின் கிளை ஒன்றை மணிக்கட்டருகே இணைத்து, தூரத்தைக் குறைக்கும் வழி இருக்கிறது. தாமதித்தால் அதுவும் பயன்படாது.