‘ரீஓப்பன்’ இருக்கும்போது ‘அகெய்ன்’ எதற்கு?

கேள்வி: எங்கள் பாத்திரக்கடையை மராமத்து வேலைக்காக இரண்டு மாதம் மூடியிருந்தோம். ஜனவரி 15, பொங்கலன்று திறக்கப் போகிறோம். பேனரில் ஆங்கிலத்தில் ‘அவர் ஷாப் வில் பி ரீஓப்பன் அகெய்ன்’ என்று அச்சடிக்கக் கொடுத்திருக்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் மகள் அது தவறு என்கிறாள். பேனர் அடிப்பவரோ, எல்லாக் கடைக்கும் இப்படித்தான் போடுவதாகச் சொல்கிறார். எது சரி? இந்தச் சொல்லை வேறு எங்கெல்லாம் பயன்படுத்தலாம்?

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. அச்சுக்குப் போகும் முன் திருத்திவிடுங்கள். ‘அவர் ஷாப் ரீஓப்பன்ஸ் ஆன் 15 ஜனவரி’ என்றோ ‘வில் ரீஓப்பன் ஆன் 15 ஜனவரி’ என்றோ போட்டால் போதும்.

தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், நம் தமிழிலிருந்துதான் வருகிறது. ‘மீண்டும் திறக்கப்படும்’ என்று மனதில் சொல்லிக்கொண்டு எழுதுகிறோம். அதில் ‘மீண்டும்’ தனிச் சொல். அதற்கும் ஓர் ஆங்கிலச் சொல் வேண்டும் என்று கை ‘அகெய்ன்’ என்று எழுதிவிடுகிறது. ஆனால் அந்த ‘மீண்டும்’ முழுவதும் ‘ரீ’ என்ற முன்னொட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘அகெய்ன்’ சேர்த்தால் மீண்டும் மீண்டும் திறப்பதாக ஆகிவிடும்.

‘பி’ வந்ததும் அப்படித்தான். ‘திறக்கப்படும்’ என்பதில் உள்ள ‘படு’ அதை இழுத்துக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்தில் கடை தானாகவே ‘ரீஓப்பன்’ ஆகலாம். யார் திறந்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘வில் பி’ போட்டே ஆக வேண்டுமென்றால் வினை ‘ரீஓப்பன்ட்’ என்று முடிய வேண்டும். திறக்கிறவர் யார் என்பது முக்கியமாக இருக்கும்போது, உதாரணமாக நீதிமன்ற உத்தரவின் பேரில் ஓர் ஆலை திறக்கப்படும்போது, அந்த அமைப்பு பொருந்தும். வெயில் கடுமையாக இருந்த 2023-ல் தமிழ்நாட்டில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பள்ளி திறப்பு ஜூன் 12-க்குத் தள்ளிப்போனது. அந்தச் செய்திக்கு ‘ஸ்கூல்ஸ் ரீஓப்பன் ஆன் ஜூன் 12’ என்பதே நிறைவான வாக்கியம். பள்ளிகள் பல என்பதால் ‘ஸ்’ பெயரோடு போய்விட்டது. உங்கள் கடை ஒன்றே என்பதால் அது வினையில் வந்து உட்காருகிறது.

பேச்சில் நாம் ‘ஸ்கூல் ரீஓப்பன் என்றைக்கு?’ என்று கேட்கிறோம். தமிழில் அது பெயர்ச்சொல்லாகவே பழகிவிட்டது, அதில் குறையில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் பெயருக்கு ‘ரீஓப்பனிங்’ வேண்டும். ‘ரீஓப்பன் டேட்’ அல்ல, ‘ரீஓப்பனிங் டேட்’. பள்ளிச் சுற்றறிக்கைகளிலேயே இந்தப் பிழையைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, பிள்ளைகள் அதைப் பார்த்துத்தானே எழுதக் கற்கிறார்கள்.

இனி, எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். முன்பு திறந்திருந்த அதே ஒன்று, இடையில் மூடப்பட்டு, திரும்பத் திறந்தால்தான் அது ‘ரீஓப்பன்’. பாம்பனை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள். அந்தப் பாலம் ‘ஓப்பன்’ ஆனது. ‘ரீஓப்பன்’ ஆகவில்லை, ஏனென்றால் அது முன்பு இருந்ததே இல்லை. ராமேஸ்வரம் ரயில் போக்குவரத்துதான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அதற்கு ‘ரெஸ்யூம்’ என்பார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்த கதை வேறு. அங்கே 1990-ல் ரயில் நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகள் கட்டப் போய்விட்டன. புதிதாகத் தண்டவாளம் போட்டுத்தான் 2014 அக்டோபரில் ரயில் யாழ்ப்பாணத்துக்குள் வந்தது. இரும்பு முழுக்கப் புதிது என்றாலும் பாதை அதே பாதை, நிலையம் அதே நிலையம். ஆகவே அந்தப் பாதை ‘ரீஓப்பன்’ ஆனது என்று எழுதுவதே முறை. உங்கள் கடையும் அப்படித்தான்: தரை, அலமாரி, விளக்கு எல்லாம் மாறினாலும் கடை அதே கடை. வேறு தெருவுக்கு மாறியிருந்தால் ‘வீ ஹேவ் மூவ்ட்’ என்று போட்டுப் புது முகவரியைக் கொடுக்கச் சொல்லியிருப்பேன்.

கதவு, பூட்டு எதுவும் இல்லாத இடங்களிலும் இந்தச் சொல் வரும். அங்கே முடிந்துபோனதாகக் கருதிய ஒன்றைத் திரும்பக் கையில் எடுப்பது என்று பொருள். நம் ஊர் சிவில் நீதிமன்றங்களில் இது அன்றாடச் சொல். சாட்சி விசாரணை முடிந்து வழக்கு வாதத்துக்கு நிற்கும்போது ஓர் ஆவணம் விட்டுப்போனது தெரிந்தால், வழக்கறிஞர் இரண்டு மனுக்கள் போடுவார். முடித்து வைத்த சாட்சியத் தரப்பைத் திறக்க ஒன்று, அது ‘ரீஓப்பன்’; சாட்சியைத் திரும்பக் கூண்டுக்கு அழைக்க இன்னொன்று, அது ‘ரீகால்’. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 18, விதி 17-ஐ இரண்டாவது மனுவின் தலைப்பில் பார்க்கலாம். 1974-ல் கையெழுத்தான கச்சத்தீவு ஒப்பந்தத்தைப் பற்றியும் ‘ரீஓப்பன்’ செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதலாம். கையெழுத்தாகி முடிந்த விஷயம் அது. பாதியில் நின்ற பேச்சுவார்த்தையாக இருந்தால் ‘ரெஸ்யூம்’தான். பழைய துயரத்தைக் கிளப்புவதற்கும் ஆங்கிலத்தில் காயத்தை ‘ரீஓப்பன்’ செய்வதாகவே சொல்வார்கள். நாம் ஆறிய புண்ணைக் கிளறுவது என்கிறோம்.

வங்கிக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் கவனமாக இருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பழைய சேமிப்புக் கணக்கில் பணம் எடுக்க முடியவில்லை என்று, கோடு போட்ட தாளில் அழகான கையெழுத்தில், கணக்கை ‘ரீஓப்பன்’ செய்து தரும்படி எழுதிக் கொடுத்தார். கவுன்ட்டரில் இருந்தவர் அதைப் படித்துவிட்டுப் புதுக் கணக்கு தொடங்கும் படிவத்தை நீட்டினார். ஆசிரியரின் கணக்கோ மூடப்படவே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கை வங்கிகள் செயல்படாத கணக்காக ஒதுக்கிவைக்கும். பணம் அதில்தான் இருக்கும். அதைத் திரும்ப இயக்குவதற்குச் சொல் ‘ரீஆக்டிவேட்’. மறுநாள் அந்த ஒரு சொல்லை மாற்றி எழுதி, அடையாளச் சான்று நகல்களோடு கொடுத்தார், வேலை நடந்தது.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒன்று. ‘ரீஓப்பனிங்’, ‘ரீஓப்பன்ட்’ இரண்டிலும் நடுவில் ‘என்’ என்ற எழுத்து ஒன்றுதான். ‘பிகினிங்’ என்பதில் இரண்டு வருகிறதே என்று கேட்பீர்கள். அதில் அழுத்தம் ‘கின்’ மீது விழுகிறது. இதில் ‘ஓ’ மீது விழுகிறது. கடைசி அசையில் அழுத்தம் இல்லாததால் எழுத்து இரட்டிக்காது. நடுவில் சிறுகோடு போட்டும் சிலர் எழுதுகிறார்கள், தவறில்லை. கோடு இல்லாமல் ஒரே சொல்லாக எழுதுவதே இன்று பெருவழக்கு.

பேனரில் நானாக இருந்தால் மேலே பெரிய எழுத்தில் ‘பொங்கல் திருநாள் முதல் மீண்டும் உங்கள் சேவையில்’ என்று தமிழில் போட்டு, அதற்குக் கீழே ‘ரீஓப்பனிங் ஆன் 15 ஜனவரி’ என்று ஒரே வரியில் ஆங்கிலத்தை முடித்துக்கொள்வேன். ‘அகெய்ன்’ போன இடத்தில் கடை திறக்கும் நேரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.