நடந்தபடி ஜெபிப்பது – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

ஸ்தோத்திரம். எனக்கு 58 வயது. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். தினமும் வேகமாக நடந்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விடியற்காலை ஒரு மணி நேரத்தை ஜெபத்துக்கென்று வைத்திருப்பவள் நான். நடைக்கு வேறு நேரம் கிடைக்காததால் இரண்டையும் சேர்த்துச் செய்து பார்க்கிறேன். இரண்டும் கெட்டுப்போகின்றன. ஒருவருக்காக மன்றாடத் தொடங்கினால் கால் ஊர்கிறது, சில சமயம் நின்றே விடுகிறது. வேகமாக நடந்தால் ஜெபம் பெயர்ப் பட்டியலை ஒப்பிப்பதுபோல் ஆகிவிடுகிறது. மூச்சோடு சேர்த்து ஜெபிக்கச் சொன்னார் ஒரு சகோதரி. செய்தேன், தலை சுற்றியது. முழங்காலில் நிற்காமல் ஜெபிப்பது அவமரியாதையோ என்ற உறுத்தலும் இருக்கிறது. உபவாச நாளிலும் இப்படி நடக்கலாமா?

எஸ்.

அன்புள்ள சகோதரி,

உறுத்தலை முதலில் தீர்த்துவிடுவோம். வேதத்தில் ஜெபத்துக்கு ஒரே ஒரு நிலை கிடையாது. தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து ஜெபித்தார் (2 சாமுவேல் 7:18). நின்று ஜெபிப்பதை இயல்பான ஒன்றாகவே இயேசு பேசுகிறார் (மாற்கு 11:25). கி.பி. 325இல் திருச்சபை ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் 20ஆம் விதி, ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்காற்படியிடாமல் நின்றே ஜெபிக்கவேண்டும் என்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரம். இறந்த பிள்ளைக்காக அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபித்த தீர்க்கதரிசி எலிசா, நடுவே எழுந்து வீட்டில் இங்கும் அங்கும் உலாவிவிட்டு, மறுபடியும் பிள்ளையின்மேல் குப்புறப் படுக்கிறார். அந்த நடையை ஜெபத்துக்கு வெளியே வைத்துவிட முடியாது.

உங்கள் சிக்கல் மரியாதை பற்றியதல்ல. ஒரே வகை ஜெபத்தை நடை முழுவதற்கும் இழுக்கிறீர்கள். உடல் வேகமாக இயங்கும்போது நீண்ட வாக்கியம் நிற்காது. மனம் கனத்தால் கால் தளரும். ஆகவே நடையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அது தாங்கக்கூடிய ஜெபத்தைக் கொடுங்கள்.

முதல் 5 நிமிடம் மெதுவாக நடங்கள். மூட்டும் தசையும் சூடேற அந்த நேரம் வேண்டும். இங்கே ஒரு சங்கீதம் போதும். 120 முதல் 134 வரையுள்ள 15 ஆரோகண சங்கீதங்கள் எருசலேமுக்கு ஏறிப்போன யாத்ரீகர்கள் பாடியவை என்றே கருதப்படுகின்றன. பெரும்பாலும் சிறியவை. 121இல் மொத்தமே 8 வசனம், அதிலும் “உன் காலைத் தள்ளாடவொட்டார்” என்று நடக்கிறவருக்கு நேராகவே ஒரு வாக்கு இருக்கிறது. வாரத்துக்கு ஒன்று என்று மனப்பாடம் செய்துவிடுங்கள். கைப்பேசியில் பார்த்து வாசித்தபடி நடந்தால் கழுத்து குனியும், கை வீசாது, பள்ளமும் தெரியாது.

அடுத்த 20 நிமிடம் வேகநடை. வேகம் சரியா என்று அறிய எளிய சோதனை இருக்கிறது. பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. சரணம் முழுவதையும் மூச்சு வாங்காமல் பாட முடிகிறதென்றால் நடை போதவில்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கவே திணறினால் வேகம் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு இது நிமிடத்துக்கு 100 காலடி என்ற அளவில் வரும். பாட்டுகளை முதல் 5 நிமிடத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இந்த வேகத்துக்கு ஏற்றது குறுஞ்ஜெபம். உங்களுக்குத் தலை சுற்றியதன் காரணமும் இங்கேதான் இருக்கவேண்டும். இயேசுவின் பெயரை மூச்சோடு இணைத்து ஜெபிக்கும் முறை கிழக்குத் திருச்சபைகளில் வளர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டின் ஆதோஸ் மலைத் துறவிகள் அதைக் கைக்கொண்டார்கள், அவர்களில் ஒருவரான இறையியலாளர் கிரெகரி பலமாஸ் அதற்காக வாதாடினார். ஆனால் அவர்கள் அதைத் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து, மூச்சை நிதானப்படுத்திச் செய்தார்கள். அதே நிதானத்தை வேகநடையில் வைத்தால், அதாவது 4 அடிக்கு உள்மூச்சு, 4 அடிக்கு வெளிமூச்சு என்று இழுத்தால், நிமிடத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று மூச்சுதான் வரும். உழைக்கிற உடலுக்கு அது போதாது. அதை ஈடுகட்ட வாயால் காற்றை வாரி விழுங்குவோம், தலை கிறுகிறுக்கும். 2 அடிக்கு உள்மூச்சு, 3 அடிக்கு வெளிமூச்சு என்று வையுங்கள், ஏறக்குறைய 20 மூச்சு வரும். உள்மூச்சில் மனதுக்குள் “இயேசுவே”, வெளிமூச்சில் மெல்லிய குரலில் “எனக்கு இரங்கும்”. எரிகோவுக்கு அருகே வழியோரம் இருந்த குருடன் கூப்பிட்டதன் சுருக்கம் இது. மேட்டில் ஏறும்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு, மூச்சு எப்படி வருகிறதோ அப்படி வரவிடுங்கள். எண்ணிக்கை தடுமாறுவதால் ஜெபம் தடுமாறிவிடாது. அப்படிச் செய்தும் தலை சுற்றினால் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கவேண்டும்.

ஜெபமாலை சொல்கிற கத்தோலிக்க அன்பர்களுக்கு இந்த 20 நிமிடம் பத்துப் பத்து மணிகளாக உள்ள ஐந்து பகுதிகளுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். மாலையைத் தொங்கவிட்டு நடந்தால் கைவீச்சு தடைபடும், பத்து முண்டுள்ள ஜெபமாலை மோதிரம் வசதி. கையைக் கூப்பியபடியோ பின்னால் கட்டியபடியோ யாரும் நடக்கவேண்டாம். காலடியின் நீளம் சுருங்கும், தடுக்கினால் ஊன்றக் கை இருக்காது.

மன்றாட்டு அதற்கடுத்த 10 நிமிடத்தில், வேகத்தைக் குறைக்காமலே. ஒருவருக்கு 200 அடி, அதாவது 2 நிமிடம். 5 பேர் போதும். பட்டியலை ஒப்பிப்பதாக ஆவது அதிகம் பேரைச் சேர்ப்பதால்தான். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு விண்ணப்பத்தை வையுங்கள். “அவரை ஆசீர்வதியும்” என்று பொதுவாகச் சொல்வதைவிட “நாளைய அறுவைசிகிச்சையில் பயத்தை எடுத்துப்போடும்” என்று குறிப்பாகச் சொன்னால் மனம் நழுவாது. யாரேனும் ஒருவருக்காகக் கால் நின்றுவிடுகிறதென்றால் அந்த ஜெபம் நடைக்கானதல்ல. அவரை வீட்டில் முழங்காலில் நிற்கும் நேரத்துக்கு ஒதுக்கிவையுங்கள். பாவ அறிக்கை, கண்ணீரோடு வருகிற காரியங்கள், பெரிய முடிவுகள் எல்லாமே அப்படித்தான். உங்கள் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடமாவது அசையாமல் இருக்கும் ஜெபத்துக்கு மிஞ்சவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். நடை அதன் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது.

கடைசி 5 நிமிடம் மறுபடி மெதுநடை, வார்த்தையில்லாமல். வேகநடையை முடித்த கையோடு சட்டென்று நின்று தலைகுனியாதீர்கள். கால்களில் இறங்கியிருக்கும் இரத்தத்தை மேலே தள்ளும் தசைகள் ஓய்ந்துவிடுவதால் மயக்கம் வரலாம். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் எளிதில் நடக்கும். முழங்கால் ஜெபத்துக்குச் சற்று ஆறியபின் போங்கள்.

ஆக மொத்தம் 40 நிமிடம், அதில் வேகநடை 30. வாரத்தில் 5 நாள் நடந்தால், பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் குறைந்த அளவாகச் சொல்லும் 150 நிமிடம் நிறைந்துவிடும். இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் வேகநடையை 10 நிமிடத்தில் ஆரம்பித்து வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டுங்கள். கண் திறந்தே இருக்கட்டும். சாலையோரம் நடந்தால் காதில் எதையும் மாட்டாதீர்கள். சர்க்கரை உள்ளவர் வெறுங்காலோடு நடக்கவே கூடாது, பக்திக்காகக்கூட. உணர்ச்சி குறைந்த பாதத்தில் பட்ட காயம் தெரியாமலே புண்ணாகும். நெஞ்சில் இறுக்கமோ தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ வந்தால் அங்கேயே நிறுத்தி உடனே உதவி கேளுங்கள்.

உபவாசம் பற்றி. நீங்கள் எடுப்பது மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை மிகத் தாழ்வது அரிது. கிளிமெப்பிரைடு, கிளைகிளசைடு போன்றவையோ இன்சுலினோ இருந்தால் வெறும் வயிற்றில் வேகநடை ஆபத்து. உங்கள் மருத்துவரிடம் மாத்திரைப் பெயரைக் காட்டி, உபவாசத்தையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரை தாழும்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். உருக்கமாக ஜெபிக்கிறவர் இவற்றை ஆவியின் அசைவு என்று எண்ணித் தொடர்ந்து நடந்துவிடக்கூடும். அப்படித் தோன்றினால் உட்கார்ந்து 15 கிராம் சர்க்கரையை, ஏறத்தாழ 3 தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அன்றைய உபவாசம் அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம் கழித்தும் அந்த அறிகுறிகள் குறையாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். அதற்கென ஒரு சிறு பொட்டலம் எப்போதும் கையிலிருக்கட்டும். மருத்துவர் சம்மதம் கிடைக்கும்வரை உபவாச நாளில் நடைக்கு விடுப்பு கொடுத்து, முழு ஒரு மணி நேரத்தையும் பழையபடி வீட்டிலேயே ஜெபியுங்கள்.