என் மகளுக்கு அடுத்த மாதம் 13 வயதாகிறது. இலக்கியத்திலிருந்து அவளுக்கு என்ன வாழ்க்கைப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம்?

கேட்ட விதத்தைப் பார்த்தால் வீட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. அமைதியான வீட்டில் யாருக்கும் இந்தக் கேள்வி வராது. தப்பென்றால் மன்னியுங்கள். நான் தமிழாசிரியை இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை. 13 வயதில் அம்மாவை வெறுத்தவள், அது மட்டும்தான் தகுதி.

அந்த வயதில் பள்ளிக்காக மனப்பாடம் செய்த குறள்களில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். 129. நெருப்பு சுட்ட புண் ஆறிவிடும், நாக்கு சுட்ட வடு ஆறாது என்பது. அதை ஒரு நீள நோட்டின் கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, அம்மாவை நினைத்து இரண்டு அடிக்கோடு போட்டேன். பின்னாலிருந்து முன்னால் எழுதிக்கொண்டு வருகிற நோட்டு அது. முன்பக்கம் முழுக்கக் கணக்கு, யாராவது புரட்டினாலும் சந்தேகம் வராது. அழுத்தி எழுதி எழுதி அடுத்த தாளிலும் பேனாத் தடம் விழுந்திருக்கும். அம்மா திட்டியது, திட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது, தம்பியிடம் மட்டும் சிரித்தது, எல்லாமே அதில் துரோகம். ஒரே பக்கத்தில் அந்த வார்த்தை ஏழு தடவை.

அந்த விடுமுறையில் சித்தி கொடுத்ததுதான் ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமியின் டைரி. 1942 ஜூன் 12, தன் 13ஆவது பிறந்தநாளுக்கு அவளுக்குக் கிடைத்த டைரி. ஒரு மாதம்கூட ஆகவில்லை, நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் அப்பாவின் அலுவலகக் கட்டடத்துப் பின்பகுதியில் குடும்பத்தோடு ஒளிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது. மொத்தம் எட்டுப் பேர், இரண்டு வருடத்துக்கும் மேல். கோபித்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்ளக்கூட அவளுக்கென்று ஓர் அறை கிடையாது. போர்க்கதை என்று நினைத்து எடுத்தேன். பார்த்தால் அவளும் என்னைப் போலவே அம்மாவைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். எனக்கு ஒரே குஷி.

1944 ஜனவரி 2ஆம் தேதிக் குறிப்பில் மாட்டிக்கொண்டேன். வேலையில்லாத ஒரு காலையில் பழைய பக்கங்களைப் புரட்டுகிறாள். அம்மாவைப் பற்றித் தானே எழுதியதைப் படித்து அதிர்ந்துபோய், இவ்வளவு வெறுப்பும் உன்னுடையதுதானா என்று தன்னையே கேட்கிறாள். உடனே ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழவெல்லாம் இல்லை. அம்மாவுக்கு என்னைப் புரியவில்லை என்பது நிஜம், எனக்கும் அம்மாவைப் புரியவில்லை. அந்த அளவில்தான் நிற்கிறாள்.

அன்று ராத்திரி என் நோட்டை எடுத்தேன். ஒரு பக்கத்தில் தேதி இருக்கிறது, அழுது மை கலைந்த இடம் இருக்கிறது, எதற்குச் சண்டை என்பது மட்டும் இல்லை. எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. இன்னொரு பக்கத்தில் காரணம் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் படு என்று சொல்லியிருக்கிறார். அதற்கு இரண்டரைப் பக்கம்!

குறளை அதிகாரத்தோடு சேர்த்துப் படித்ததும் அதற்குப் பிறகுதான். 129 இருப்பது அடக்கமுடைமையில். இரண்டு குறள் முன்னால், 127இல், எதைக் காக்காவிட்டாலும் நாக்கைக் காத்துக்கொள் என்கிறார் வள்ளுவர். அடுத்தவர் நாக்கைப் பற்றிப் புகார் எழுத அந்த அதிகாரத்தில் இடமே இல்லை. எங்கள் வீட்டில் நீளமான நாக்கு யாருடையது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வதைமுகாமில் 15 வயதில் இறந்துபோன பெண்ணின் டைரியைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதா என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். அவள் முகாமில் பட்டது டைரிக்குள் வராது. 1944 ஆகஸ்ட் 1ஆம் தேதியோடு எழுத்து நின்றுவிடுகிறது, மூன்று நாள் கழித்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வெற்றிடம் பிள்ளையை உலுக்கத்தான் செய்யும். பக்கத்தில் இருங்கள். நான் பெரிதாகப் பயப்படுவது சுருக்கிய பதிப்புகளுக்குத்தான். கதையைப் பாதியாக வெட்டி, கடைசியில் கட்டம் கட்டி 'நீதி' என்று போட்டிருப்பார்களே, அவை. அவள் அப்பா ஓட்டோவே 1947இல் முதன்முதலாக வெளியிட்டபோது அம்மாவைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் இருந்த சில பகுதிகளை எடுத்துவிட்டார். மனைவியையும் மகள்களையும் பறிகொடுத்த மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நீங்கள் முழுப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

என் பிரதியைக் காட்டலாம் என்றால் கையில் இல்லை. ஒரு வாரத்தில் தருகிறேன் என்று வாங்கிப்போன உறவினர் ஒருவர் பதினோரு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். விசேஷங்களில் பார்த்தால் நலம் விசாரிக்கிறார், புத்தகத்தைப் பற்றி மூச்சே விடுவதில்லை. நகை வாங்கிப் போயிருந்தால் இப்படி இருப்பாரா? சரி, விடுங்கள்.

புத்தகத்தை உங்கள் மகள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். என்ன கற்றுக்கொண்டாய் என்று மட்டும் கேட்காதீர்கள், அந்த நிமிஷமே அது வீட்டுப்பாடமாகிவிடும். அவள் நோட்டு எழுத ஆரம்பித்தால் தயவுசெய்து திறந்து பார்க்காதீர்கள். என் அம்மா பார்த்ததே இல்லை என்று நான் ரொம்ப காலம் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருடம் அவர் முன்னாலேயே ஒருமுறை சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "துரோகத்துக்கு வல்லின ற போட்டிருந்தியேடி, ஏழு இடத்துலயும்" என்றார்.