பஸ் ஏறாத 40,000 பேர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போராட்டம் என்றாலே ஆள்பலம், அமைப்பு என்றுதான் எழுதுகிறீர்கள். கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ், பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விடச் சொன்னபோது, ஒற்றை ஆளாக இருக்கையைவிட்டு எழ மறுத்தார், அமெரிக்காவே மாறியது. துணிந்தவர் ஒருவர் போதாதா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

ரோசா பார்க்ஸ் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்கமரியில் கைதானது 1955 டிசம்பர் 1. அதே ஊரில், அதே ஆண்டு மார்ச்சில், கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவியும் எழ மறுத்துக் கைதானாள். துணிச்சலில் அவள் யாருக்கும் குறைந்தவளில்லை. ஆனால் மறுநாளும் பஸ்கள் வழக்கம்போலவே ஓடின.

டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். பார்க்ஸ் கைதான இரவே, பெண்கள் அரசியல் குழுவின் தலைவி ஜோ ஆன் ராபின்சன் ஸ்டென்சில் வெட்டி உட்கார்ந்துவிட்டார். ஒரு தாளில் மூன்று பிரதி. நறுக்கிக் கட்டியபோது பல்லாயிரம் துண்டறிக்கைகள். திங்களன்று யாரும் பஸ் ஏறாதீர்கள் என்பதுதான் செய்தி. எந்தத் தெருவுக்கு யார் கொண்டுபோவது என்பதை அந்தக் குழு மாதக்கணக்கில் முன்பே திட்டமிட்டிருந்தது. அதனால்தான் வெள்ளிக்கிழமை ஒரே பகலில் செய்தி ஊர் முழுக்கப் போனது.

பஸ் பயணிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். பத்துப் பேர் ஏறாவிட்டால் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது. எல்லோரும் ஏறாவிட்டால் கல்லா காலி.

திங்களன்று பஸ்கள் காலியாகத்தான் ஓடின. ஆனால் 40,000 பேர் செவ்வாயும் வேலைக்குப் போயாக வேண்டுமே! டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றினார்கள். 45 சென்டுக்குக் குறைந்து வாங்கக் கூடாது என்று நகர நிர்வாகம் கெடுபிடி செய்தது. உடனே சொந்தக் கார்கள் இறங்கின, சுமார் 300. காலையில் ஏற்றிவிட 48 இடங்கள், மாலையில் திரும்ப அழைத்துவர 42 இடங்கள். சந்துபொந்தெல்லாம் அறிந்த தபால்காரர்கள் வழித்தடம் போட உதவினார்கள்.

பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி தோழிகளைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் பொரித்த கோழியும் விற்றுக் காசு கொண்டுவந்தார். யார் கொடுத்தது என்று தெரிந்தால் வெள்ளைக்கார வீட்டில் வேலை போய்விடும். அதனால் சங்கத்துக்கு வைத்த பெயரே 'எங்கிருந்தும் வராத சங்கம்'. எனக்கு இந்தப் போராட்டத்தில் மிகப் பிடித்த இடம் இது. முன்னால் வந்து நிற்க முடியாதவருக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது.

பெருங்கூட்டத்தைக் கலைக்கத் தடியடிகூட வேண்டாம், ஒரு வதந்தி போதும். 1956 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இரவு, சமரசம் முடிந்துவிட்டது என்ற பொய்ச் செய்தி மறுநாள் பேப்பரில் வரப்போவது தெரியவந்தது. தலைவர்கள் இரவோடு இரவாக மதுக்கடைகள்தோறும் போய் மறுத்தார்கள். காலையில் தேவாலயங்களில் மறுத்தார்கள். திங்களன்றும் பஸ்கள் காலி.

பஸ்ஸில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி இருக்கை என்ற பிரிவினையைச் செல்லாது என்று சொன்னது நீதிமன்றம்தான், மறுக்கவில்லை. அந்த வழக்கில் நின்ற நான்கு பெண்களில் ஒருத்தி யார் தெரியுமா? மார்ச்சில் தனியாக நின்ற அதே கால்வின். 1956 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. அதே நாளில் உள்ளூர் நீதிமன்றம் கார் ஏற்பாட்டுக்குத் தடை போட்டது. உச்ச நீதிமன்ற உத்தரவு ஊர் வந்து சேர்ந்தது டிசம்பர் 20. இடைப்பட்ட ஐந்து வாரமும் அவரவர் தெருவுக்குள் ஏற்பாடு செய்துகொண்டும் நடந்தும் போனார்கள். பஸ்ஸில் ஏறவில்லை.