பட்டறைப் பக்கம்: பிளாக்கில் ஒழுகும் டம்மி

கேள்வி: என்னிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருக்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. ஹோஸ், வாட்டர் பம்ப் எல்லாம் காய்ந்துதான் கிடக்கின்றன. இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில், மேனிஃபோல்டுக்குக் கீழே வட்டமாக ஒரு தகடு, அதன் ஓரத்திலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு கோடு இறங்குகிறது. மெக்கானிக் "டம்மி போயிடுச்சு, எம்-சீல் வச்சு அடைச்சிடலாம்" என்கிறார். அடைக்கலாமா? – வாசகர், தாராபுரம்

பதில்: டம்மிதான், சந்தேகமில்லை. ஆனால் அடைக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். அந்தத் தகடு உள்பக்கம் இருந்து அரித்துக்கொண்டு வரும், நீங்கள் வெளியே பார்க்கும் கோடு கடைசிக் கட்டம். மேலே எதைப் பூசினாலும் உள்ளே துரு பாட்டுக்கு அதன் வேலையைப் பார்க்கும். லோடு ஏற்றி மேட்டில் ஏறும்போது அழுத்தம் தாங்காமல் தகடு விட்டுப்போனால் தண்ணீர் மொத்தமும் ரோட்டில், அதைக் கவனிக்காமல் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து கேஸ்கட்டும் போகும். டம்மியின் விலை அதற்குப் பக்கத்திலேயே வராது.

பிளாக்கை வார்க்கும்போது தண்ணீர்ப் பாதைக்காக உள்ளே மணலால் செய்த கரு (கோர்) வைப்பார்கள், அதைத் தாங்கவும் அப்புறம் மணலை வெளியே தட்டவும் விட்ட ஓட்டைகளைத்தான் இந்தத் தகட்டால் மூடியிருக்கிறார்கள்.

மாற்றும் வேலை பெரிதல்ல, கை போகும் இடமாக இருந்தால். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டரையும் பிளாக்கையும் வடித்துவிடுங்கள். பிளாக்கில் தனியாக ஒரு வடிகுழாய் இருக்கும், அதைத் திறந்தும் தண்ணீர் வராவிட்டால் சேறு அடைத்திருக்கிறது, கம்பி விட்டுக் குத்துங்கள். அப்புறம் மொட்டை உளியைத் தகட்டின் நடுவில் வைக்காமல் உள் ஓரத்தில் ஒரு பக்கமாக வைத்துத் தட்டினால் அந்தப் பக்கம் உள்ளே போய் எதிர்ப்பக்கம் வெளியே திரும்பும், பிளையரால் பிடித்து நெம்பி இழுத்துவிடலாம். நடுவில் ஓங்கி அடித்தால் தகடு முழுசாக வாட்டர் ஜாக்கெட்டுக்குள், அதாவது உள்ளே இருக்கும் தண்ணீர்ப் பாதைக்குள், விழுந்துவிடும், அதைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். உள்ளே சிலிண்டர் சுவர் பக்கத்திலேயே இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பலர் அவசரப்படுவது அடுத்த கட்டத்தில்தான். ஓட்டையின் வட்டச் சுவரில் துரு, பழைய பசை எதுவும் இல்லாமல் எமரி பேப்பரால் தேய்த்து உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும், விரலை உள்ளே சுற்றினால் சொரசொரப்பு தட்டக் கூடாது. பிறகு வெர்னியரால் அளந்து அந்த அளவுக்கு உரிய டம்மியையே வாங்குங்கள், அது ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், அந்த இறுக்கத்தில்தான் நிற்கிறது. டம்மி ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும். ஓரத்தில் மெல்லிசாக சீலன்ட் தடவி, கிண்ணத்தின் வாய் வெளியே பார்க்கும்படி வைத்து, கிண்ணத்துக்குள் சற்றே தளர்வாக நுழையும் சாக்கெட் ஒன்றை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். கோணலாகப் போகிறது என்று தெரிந்தால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடுங்கள். கிண்ணத்தின் விளிம்பு ஓட்டையின் சரிவு வெட்டுக்குக் கொஞ்சம் உள்ளே போனால் போதும்.

ஒன்று ஒழுகினால் மற்றவையும் அதே வயதுதான், அதே தண்ணீரைத்தான் குடித்திருக்கின்றன. கை எட்டுவதை எல்லாம் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: பித்தளை டம்மி போடலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக. துருப்பிடிக்காது. ஆனால் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் டம்மி பிழைக்கும், ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் பிழைக்காது. "நம்ம ஊர் வெயிலுக்கு கூலன்ட் எதற்கு" என்று கேட்பவர்கள் நிறைய, அதில் கலந்திருக்கும் துருத் தடுப்பு மருந்துக்காகத்தான். காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள், கம்பெனி சொன்ன கெடுவில் மாற்றுங்கள்.

கேள்வி: ஊட்டியில் இருக்கிறேன். குளிரில் தண்ணீர் உறைந்தால் இந்த டம்மி தானாக வெளியே வந்து பிளாக்கைக் காப்பாற்றும் என்கிறார்களே? – வாசகர், ஊட்டி

பதில்: அதை நம்பி வண்டியை வெளியே விடாதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது, சில நேரம் டம்மி தள்ளிக்கொண்டு வெளியே வரும், சில நேரம் டம்மி அப்படியே இருக்க பிளாக் விரிசல் விடும். எது முதலில் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெள்ளையாகும் ஊரில் வெறும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பாதிக்குப் பாதி கூலன்ட் மைனஸ் 35 டிகிரி வரை தாங்கும், உங்கள் ஊருக்கு அது தாராளம்.

கேள்வி: பெல் ஹவுசிங் (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. – வாசகர், ஓசூர்

பதில்: பிளாக்கின் பின்பக்க டம்மியாக இருக்கலாம். ஆனால் ஹெட் பின்னால் ஒழுகி வழிந்து வந்தாலும் அங்கேதான் சொட்டும், எனவே முதலில் பிரஷர் டெஸ்டர் மாட்டிப் பாருங்கள். டம்மிதான் என்றால் கியர்பாக்ஸை இறக்காமல் கை போகாது. சொட்டு குறைவாக இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். எப்படியும் இறக்குகிறோம், கிளட்ச் பிளேட், கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் இரண்டையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள், மறுபடி ஒரு இறக்குக் கூலி மிச்சம்.