மாமா ஏன் ஆட்டின் ராணியைச் சொல்லவில்லை?

சீட்டு வித்தை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா கல்யாண ரிசப்ஷனில் சொந்தக்காரர்கள் முன்னால் சீட்டு வித்தை காட்டினேன். ‘ஆட்டின் ராணி’ (சிவப்பு இதயக் குறி போட்ட ராணிச் சீட்டு) என்று எழுதி மடித்து டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு, “மாமா, நீங்கள் நினைக்கப்போகும் சீட்டை முன்னாலேயே எழுதிவிட்டேன், ஒன்று சொல்லுங்கள்” என்றேன். அவர் ‘கிளாவர் ஆறு’ என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரும்பாலோர் ஆட்டின் ராணியைத்தான் சொல்வார்கள் என்று படித்திருந்தேன். எங்கே தப்பு?
(கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: தம்பி, நீங்கள் படித்தது பொய் இல்லை. சட்டென்று ஒரு சீட்டைச் சொல்லச் சொன்னால் இஸ்பேடு ஆஸும் ஆட்டின் ராணியும் மற்றவற்றைவிட அதிகம் பேர் வாயில் வருகிற சீட்டுகள்தான். ஆனால் சீட்டுக்கட்டில் இருப்பது 52 சீட்டு. அதிகம் பேர் சொல்கிறார்கள் என்பதற்காக உங்கள் மாமாவும் சொல்லிவிடுவார் என்று எழுதிவைக்க முடியாது.

ஒரு கணக்கு சொல்கிறேன். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிஸ் பெயெஸ், குஸ்தாவ் கூன் இருவரும் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேசிக்கொண்டே கையால் டைமன் வடிவம் காட்டுவது, மூன்றை ஜாடையாகக் காட்டுவது என்று சின்னச் சின்னக் குறிப்புகள் கொடுத்து, எதிரில் இருப்பவரை டைமன் மூன்றை நினைக்கவைக்கும் உத்தியைச் சோதித்தார்கள். நூற்றுக்குச் சுமார் 18 பேர் அதையே சொன்னார்கள். சும்மா குருட்டாம்போக்கில் நடந்தால் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வரமாட்டார்கள். எனவே உத்தி வேலை செய்கிறது. ஆனால் மீதி 82 பேர் வேறு சீட்டைச் சொல்கிறார்கள், பாருங்கள்! அந்த 82 பேருக்கு என்ன செய்வது என்று வீட்டிலேயே யோசித்துவிட்டுப் போவதுதான் நம் தொழில். அதிலும் ராத்திரியெல்லாம் ரம்மி ஆடுகிறவர்கள் முன்னால் மனோதத்துவத்தை நம்பி நான் இறங்கவே மாட்டேன். ஆட்டின் ராணி அவர்களுக்கு மற்றுமொரு சீட்டு, அவ்வளவுதான். நேற்று கைக்கு வராமல் போன சீட்டைத்தான் சொல்வார்கள்.

நீங்கள் சறுக்கிய இடம் ‘முன்னாலேயே எழுதிவிட்டேன்’ என்ற அந்த வார்த்தை. அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் டம்ளருக்கு அடியில் இருந்தது வெறும் காகிதம்.

திண்டுக்கல்லில் ஒரு வரவேற்பில் மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தேன். காபி தம்ளருக்கு அடியில், ஒரு சீட்டின் பேரை எழுதி மடித்த விசிட்டிங் கார்டை வைத்தேன், அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு பாட்டியம்மாவிடம், “ஒரு சீட்டு சொல்லுங்கம்மா” என்றேன். கொஞ்ச நேரம் மண்டபத்து விளக்கையே பார்த்துவிட்டு, “கிளாவர் நாலு” என்றார். கார்டில் இருந்தது அது இல்லை. “சரிம்மா, அதை நீங்களே கட்டிலிருந்து தேடி எடுங்க” என்று கட்டை அவர் கையில் கொடுத்தேன். எடுத்தார். அதில் மார்க்கரால் பேரை எழுதச் சொன்னேன். கோணல் கோணலாக எழுதினார். அந்தச் சீட்டை நடுவில் செருகினேன், மேலே வந்தது. மறுபடி செருகினேன், மறுபடி வந்தது. மூன்றாவது முறை பேரனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரே நினைத்த சீட்டு, அவரே கையெழுத்துப் போட்ட சீட்டு. அந்த வித்தைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா? விசிட்டிங் கார்டு திரும்ப என் பைக்குள் போனது. அதே கார்டு அதற்கடுத்த மேஜையில் பலித்தது. அங்கே மட்டும் அதைத் திறந்து காட்டினேன்.

கனடாவில் பிறந்த சீட்டு வித்தைக்காரர் டாய் வெர்னன் (1894–1992) இதில் பெரிய ஆசான். 1922-இல், அன்றைய பிரபல வித்தைக்காரர் ஹூடினியையே ஒரு சீட்டு வித்தையில் திணறடித்தவர். காகிதத்தில் ஒரு சீட்டின் பெயரை எழுதிவைப்பார். பார்ப்பவர் கட்டை என்ன செய்கிறாரோ அதற்குத் தகுந்தாற்போல் அந்த நிமிடத்தில் முடிவை மாற்றிக்கொள்வார். ஒரு முறை பார்த்ததுபோல் இன்னொரு முறை இருக்காது.

நிச்சயம் பலிக்க வேண்டும் என்றால், ‘நினையுங்கள்’ என்பதை விட்டுவிட்டுக் கையில் இருக்கும் கட்டைப் பயன்படுத்துங்கள். கனடாவில் ஜே ஓல்சன் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வித்தைக்காரர் சீட்டுக்கட்டை விரலால் சர்ரென்று விட்டுக் காட்டி, நடுவில் ஒரு சீட்டை மட்டும் கண்ணில் படும்படி நிறுத்தினார். 118 பேரில் 98 சதவீதம் பேர் அதையே தேர்ந்தெடுத்தார்கள். 91 சதவீதம் பேர் தாங்களே சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்ததாக நம்பினார்கள். அந்த இமைக்கும் நேரத்து நிறுத்தம் விரலில் பதியக் கண்ணாடி முன்னால் தினமும் பழகுங்கள். அப்புறம் மாமாவைத் தேடிப் போங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் சீட்டு வித்தை காட்டிய ஒருவர், நான் எடுக்கப்போகும் சீட்டை முன்பே எழுதிவைத்திருந்தார். பிறகு, குடும்பப் பிரச்சினையையும் மனசைப் படித்துச் சொல்கிறேன் என்று பணம் கேட்கிறார். நம்பலாமா?
(இல்லத்தரசி, சேலம்)

பதில்: வேண்டாம் சகோதரி, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சீட்டைச் சொன்னது பயிற்சி, அதற்கும் உங்கள் குடும்பத்துக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு குவியல் வைத்து, “ஒன்றைத் தொடுங்கள்” என்று சொன்னாரா? தனக்கு வேண்டியதைத் தொட்டால் “சரி, இதை வைத்துக்கொள்வோம்” என்பார். மற்றதைத் தொட்டால் “சரி, இதை ஒதுக்கிவிடுவோம்” என்பார். எதைத் தொட்டாலும் அவர் நினைத்ததுதான் மிஞ்சும். அடுத்த முறை, தொட்டால் என்ன ஆகும் என்பதைத் தொடுவதற்கு முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள். இதை வெளியே சொல்வதற்குச் சக வித்தைக்காரர்கள் என்னைக் கோபிக்கலாம். உங்கள் பணம் போவதைவிட அது பரவாயில்லை.

கேள்வி: மழைக்காலத்தில் சீட்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கிறது. பவுடர் போடலாமா?
(பள்ளி மாணவி, நாகப்பட்டினம்)

பதில்: போடாதே கண்ணு, திட்டுத் திட்டாகப் படிந்துவிடும். ஆடி முடித்ததும் கட்டை அட்டைப்பெட்டியில் போட்டு மூடி, மேலே கனமான புத்தகம் ஒன்றை வை. கை வியர்த்தால் துடைத்துவிட்டு எடு. அப்படியும் ஒட்டினால் அந்தக் கட்டைப் பழகுவதற்கு வைத்துக்கொள், காட்டுவதற்குப் புதுக் கட்டு வாங்கு.