அவர் போட்ட அட்டவணை, நான் கேட்ட ஒரு டாலர்

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு 28 வயது. கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கோவையில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்தேன். கணவருக்கு ஹூஸ்டனில் வேலை. அவருடைய வேலை விசாவைச் சார்ந்து மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் வந்து சேர்ந்தேன்; அதில் தானாக வேலை பார்க்க அனுமதி கிடையாது. கல்யாணத்துக்கு அவருக்குக் கிடைத்த லீவு விருந்துக்கும் விசா வேலைக்குமே சரியாகிவிட்டது. தேனிலவு என்று எங்கும் போகவில்லை. அதனால் செப்டம்பரில் வரும் லேபர் டே விடுமுறையை ஒட்டி நியூ ஆர்லியன்ஸ் போகலாம் என்று அவர் சொன்னபோது அவ்வளவு ஆசையாக இருந்தேன். போய் வந்ததிலிருந்து மனசே சரியில்லை.

அவர் எக்செல்லில் அட்டவணை போட்டு வந்தார். காலை 8 மணிக்கு பென்யே (எண்ணெயில் பொரித்த இனிப்புப் பலகாரம்), 9.30க்கு ஜாக்சன் சதுக்கம், கதீட்ரல், 11 மணிக்கு இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம், 2 மணிக்கு டிராம். சும்மா ஒரு இடத்தில் உட்காருவதற்கு அதில் ஒரு வரி கூட இல்லை. செப்டம்பர் புழுக்கத்தில் உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஒட்ட, அவர் பத்தடி முன்னால் நடக்கிறார், நான் பின்னால் ஓடுகிறேன். எந்த ஜோடியும் அங்கே அப்படி நடக்கவில்லை.

நான் சைவம், அவர் எல்லாம் சாப்பிடுவார். கம்போ என்ற குழம்பு, ஜம்பலாயா என்ற சாதம், எதைக் கேட்டாலும் கோழி, இறால், சாசேஜ். ராஜ்மா மாதிரி இருக்கிறதே என்று சிவப்பு பீன்ஸ் சாதம் வாங்கினால் அதிலும் பன்றிக்கறி. கடைசியில் சர்க்கரைத் தூளில் புரட்டிய பென்யேயும் உருளை வறுவலும்தான் எனக்குச் சாப்பாடு. கூட்டிப் போகிறவர் இதை முன்னாடியே பார்த்து வைக்கக் கூடாதா?

தினமும் காலையில் காபி வருவதற்குள் அத்தைக்கு வீடியோ கால். அங்கே மாலை ஆறரை மணி, அத்தை ஓய்வாக இருக்கும் நேரமாம். கதீட்ரலை அவர்களுக்குச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார். பக்கத்தில் நிற்கிறவளிடம் ஒரு வார்த்தை இல்லை. பிறகு மறுபடி அதே நடை, பத்தடி முன்னால்.

ஒரே ஒரு ராத்திரி நன்றாக இருந்தது. பிரெஞ்ச்மென் தெருவில் நடைபாதையிலேயே பித்தளை வாத்தியக் குழு ஒன்று வாசித்தது, சின்னப் பையன்கள். அவர்கள் வைத்திருந்த வாளியில் போட என்னிடம் பணம் இல்லாததால் அவரிடம் ஒரு டாலர் கேட்டேன், அவர் ஐந்தாக எடுத்துக் கொடுத்தார், கஞ்சன் என்று சொல்லக் கூடாது, ஆனால் அதற்கப்புறம் என்னவோ எனக்குப் பாட்டில் மனசு ஒட்டவில்லை, போகலாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஹோட்டலுக்குத் திரும்பும்போதும் பத்தடி முன்னால்தான் போனார்.

புறப்படும் முன் எங்கெல்லாம் போகணும் என்று கேட்டார்தான். "உங்க இஷ்டம்" என்றேன். ஆசையிருந்தால் மனைவிக்கு என்ன பிடிக்கும் என்று தானாகத் தெரிந்துகொள்ள மாட்டாரா? திரும்பும் வழியில் அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 18 மைல் நீளத்துக்குப் பாலம் போகிறது. அது முடியும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். அவர் "பெட்ரோல் எங்க போடலாம்?" என்று கேட்டார்.

அவருக்கு என்மேல் அன்பே இல்லையா அம்மா?

பெயர் வேண்டாம், ஹூஸ்டன்.

*

அன்புள்ள மகளுக்கு,

அவர் முன்னால் நடந்ததை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். டாலர் கேட்டதை ஒரே ஒரு இடத்தில், அதையும் அவருக்கு நற்சான்று கொடுக்கிற சாக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். உங்களைப் பாட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு போனது எது என்று பாருங்கள். அவருடைய நடையும் அல்ல, அட்டவணையும் அல்ல. அதுவரை சந்தோஷமாக நின்றுகொண்டிருந்த நீங்கள், ஐந்து டாலர் கைக்கு வந்த பிறகு நிற்க முடியாமல் போனீர்கள்.

அந்தத் தெருவில் வாசிக்கிறவர்களுக்கு வாளிதான் வருமானம். நடைபாதையில் டிக்கெட் கிடையாது. உள்ளே இருக்கும் பல கிளப்புகளிலும் நுழைவுக் கட்டணம் இல்லாமல், பாட்டுக்கு நடுவே வாளியைச் சுற்றி அனுப்புவார்கள். நின்று கேட்டால் போட வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கும் உடனே புரிந்திருக்கிறது. சம்பளம் வாங்கிய பெண்ணின் கை, பழக்கத்தில் பைக்குள் போயிருக்கும். உள்ளே ஒன்றும் இல்லை. வகுப்பில் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து நின்ற ஒருவர், நடுத்தெருவில் கணவரிடம் ஒரு டாலர் கேட்க வேண்டியிருந்தது.

அவர் முகம் சுளித்திருந்தால் உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கஞ்சன் என்று கோபப்பட்டுத் தீர்த்திருக்கலாம். கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டார். கோபப்பட நியாயம் இல்லாமல் போயிற்று. அப்படிப் போக்கிடமில்லாத கோபம்தான் அவர் நடையிலும், எக்செல்லிலும், அத்தையின் போனிலும் போய் ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு.

"உங்க இஷ்டம்" என்றதற்கு வருகிறேன். இதில் நான் உங்கள் பக்கம் இல்லை. அவர் கேட்டார், நீங்கள் கதவைச் சாத்தினீர்கள், உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கவில்லை என்று இப்போது அவருக்கு மதிப்பெண் குறைக்கிறீர்கள். தேர்வுத்தாளைக் கொடுக்காமலே விடை திருத்துகிறீர்கள், ஆசிரியரம்மா. ஆனால் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றும் யோசியுங்கள். அவர் சம்பாத்தியத்தில் போகிற பயணம், இதில் நாம் என்ன ஆசைப்படுவது என்ற கூச்சம் அதற்குள் இல்லையா? இருந்தால், டாலர் கேட்கும் முன்பே, புறப்படும் முன்பே, இந்தச் சங்கடம் தொடங்கிவிட்டது.

அவருடைய அட்டவணை மோசமானதுதான். அந்த ஊரை அறிந்தவர்கள் அப்படிப் போட மாட்டார்கள். கோடையிலும் செப்டம்பரிலும் நடுப்பகலில் வெயிலும் ஈரப்பதமும் ஆளைச் சாய்க்கும், பிற்பகலில் திடீரென்று இடி மழை வரும். 1835இல் தொடங்கிய செயின்ட் சார்லஸ் டிராம் பாதையில் ஓடும் பழைய பச்சை வண்டிகளில் ஏசி கிடையாது. அதில் 2 மணிக்கு ஏறுவது தண்டனை. அந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுப் பகல் வேண்டும். பிரெஞ்ச் குவார்ட்டர் என்ற பழைய நகரப் பகுதியைக் காலையிலேயே நடந்து முடித்து, மதியம் அறையில் படுத்து, இருட்டிய பிறகு பாட்டுக்குப் போவதுதான் அங்கே முறை. இவர் அலுவலகத் திட்டம் மாதிரி போட்டுவிட்டார். அது அனுபவக் குறைவு. அன்பில்லாதவர் உட்கார்ந்து எக்செல் போட மாட்டார்.

சாப்பாட்டு விஷயத்தில் குற்றம் அவருடையது, சொல்லிவிடுங்கள். கம்போவுக்குக் கோழி அல்லது இறால் வேகவைத்த சாறுதான் அடிப்படை. சிவப்பு பீன்ஸ் வழக்கமாகவே பன்றி எலும்போடும் சாசேஜோடும் வேகிறது. கறித்துண்டை ஒதுக்கினாலும் சைவம் ஆகாது. கீரையைக்கூட விசாரிக்காமல் வாங்கக் கூடாது. சைவ மனைவியைக் கூட்டிப்போகிறவர் பத்து நிமிடம் தேடியிருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்கும்.

பணப் பேச்சை எடுங்கள். காரில் வேண்டாம், மேஜையில், லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு. "நீங்க கொடுக்கலேன்னு சொல்லலை. ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியிருக்கே, அதுதான் எனக்குத் தாங்கலை" என்று ஆரம்பியுங்கள். இதைப் பழியாகச் சொன்னால் அவர் ஐந்து டாலரை நினைவூட்டுவார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். மாத வரவு, வாடகை, இரண்டு ஊருக்கும் அனுப்புவது, சேமிப்பு எல்லாம் ஒரே தாளில் வரட்டும். அவரும் நீங்களும் கணக்குச் சொல்லாமல் செலவழிக்க ஆளுக்கு ஒரே அளவு தொகை ஒதுக்குங்கள். எக்செல் போடுகிறவருக்கு இது பிடித்துக்கூடப் போகலாம்.

வங்கிக் கணக்கில் உங்கள் பெயரையும் சேர்க்க இருவரும் நேரில் போங்கள். பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று கையில் இருக்கட்டும். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்களுக்கு வங்கிக்கு வங்கி விதி மாறும், ஒன்று மறுத்தால் அடுத்ததைக் கேளுங்கள். அவருடைய கிரெடிட் கார்டில் உங்கள் பெயரில் கூடுதல் கார்டு வாங்கலாம். கூட்டாக வருமான வரி தாக்கல் செய்யும்போது டபிள்யூ-7 படிவத்தைச் சேர்த்தால் வரிக்கான ஐடிஐஎன் எண் உங்களுக்குக் கிடைக்கும்.

வேலைக்கு வழி இருக்கிறதா என்பதற்கு அவருடைய கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். அது அங்கீகரிக்கப்பட்டிருந்தால், 2015 முதல் உள்ள விதிப்படி எச்-4இல் இருப்பவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இன்னும் ஆகவில்லை என்றாலும் இதே விசாவில் படிக்கத் தடை இல்லை. ஆன்லைனில் டியூஷன் எடுத்துப் பணம் வாங்கலாமே என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அத்தையின் போனை இந்தப் பேச்சில் கலக்காதீர்கள். கலந்தால் அவர் காதில் அது மட்டும்தான் விழும். ஆனால் பணத்தைப் பற்றிப் பேசும்போது அவர் கணக்கைக் காட்ட மறுத்தாலோ, "உனக்கெதுக்குப் பணம்?" என்று கேட்டாலோ, உடனே எனக்கு எழுதுங்கள். அப்போது நான் எழுதும் பதில் வேறு மாதிரி இருக்கும்.